தலைநகருக்குத் தண்ணீர் தரும் "சாமியார் செடி"

காலை 8 மணி. குழாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வருகிறது. மறுநாள் காலை 8 மணி வரை அப்படித்தான். குளிக்க, சமைக்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீர்தான்.

இது ஏதோ குக்கிராமத்தில் நடந்தது அல்ல. தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோடாவில் நடந்தது. சுமார் 80 லட்சம் ஜனங்கள் வாழும் பெரிய பட்டணம் அது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி அங்கே தண்ணீருக்கு "ரேஷன்" வந்தது. நகரத்தை 9 பகுதிகளாகப் பிரித்தார்கள். முறை வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் மறு சுற்று.

ஏதோ ஒரு மாதத்துக்கு என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். அது ஓராண்டு நீடித்தது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம்தான் ரேஷன் நீங்கியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரேஷன் இருந்த அதே மாதங்களில் பொகோடா தெருக்களில் மழை பெய்தது. குடை பிடித்துக் கொண்டு வேலைக்குப் போனவர்கள், வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை!

அது ஏன்? மழை நகரத்தில் பெய்து பயன் இல்லை. மலையில் பெய்ய வேண்டும். பொகோடா குடிக்கும் தண்ணீரில் நூற்றுக்கு 70 பங்கு, நகரத்துக்குக் கிழக்கே உள்ள "சிங்காசா" என்ற மலைப் பிரதேசத்தில் இருந்து வருகிறது. அங்கே உள்ள நீர்த்தேக்கங்களில், 2024 ஏப்ரலில், கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இல்லை.

அந்த மலையைப் பற்றிப் பேசினால், அங்கே கூட்டம் கூட்டமாக நிற்கும் ஒரு செடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

பனிமூட்டத்தில் நிற்கும் உருவம்

பொகோடா நகரமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 8,600 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட உயரம். அதற்கும் மேலே ஏறி, 10,000 அடியைத் தாண்டினால் மரங்கள் குறைந்து விடும். திறந்த புல்வெளி வரும். எங்கு பார்த்தாலும் ஈரம், சேறு, குளிர்காற்று, பனிமூட்டம். இந்த மலைவெளிக்கு அந்த நாட்டு ஜனங்கள் "பாராமோ" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பனிமூட்டத்தில் திடீரென்று ஆள் உயரத்துக்கு ஓர் உருவம் தெரியும். தடித்த உடம்பு, பழுப்பு நிற அங்கி, தலையில் வெள்ளை முடி. "யாரோ ஒரு சாமியார் நிற்கிறார்" என்று நினைத்து நெருங்கிப் போனால், அது ஒரு செடி!

ஸ்பெயின் நாட்டில் இருந்து வந்தவர்கள் அதனால்தான் அதற்கு "பிரைலெஹோன்" என்று பெயர் வைத்தார்கள். "பெரிய சாமியார்" என்று பொருள். மடத்துச் சாமியார்கள் போடும் பழுப்பு அங்கியை நினைத்து வைத்த பெயர் அது.

விஞ்ஞானிகள் வைத்த பெயர் வேறு: "எஸ்பெலெட்டியா". கொலம்பியா அப்போது ஸ்பெயின் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. அங்கே செடி கொடிகளை ஆராய்ந்து வந்தவர் மூட்டிஸ் என்ற பாதிரியார். 1789 முதல் 1797 வரை அங்கே ராஜப் பிரதிநிதியாக இருந்தவர் எஸ்பெலெட்டா. அவரைக் கௌரவிக்க, மூட்டிஸ் இந்தச் செடிக்கு அவர் பெயரைச் சூட்டினார். பிரபுவின் ஆட்சி போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெயர் மட்டும் செடியோடு நிற்கிறது. மலைவாசிகளைக் கேட்டால் "எஸ்பெலெட்டாவா? அது யார்?" என்பார்கள். அவர்களுக்கு அது சாமியார் செடிதான்.

சூரியகாந்திக்கு உறவு

இந்தச் செடி நமக்கு அன்னியம் அல்ல. சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி, வரப்பு ஓரத்தில் முளைக்கும் மூக்குத்திப்பூச் செடி இவை எல்லாம் ஒரே குடும்பம். பிரைலெஹோனும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பூவைப் பார்த்தால் தெரிந்து விடும். மஞ்சள் நிறத்தில், சிறிய சூரியகாந்தி போலவே இருக்கும்.

இந்த வகைச் செடிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. உலகத்தில் கொலம்பியா, வெனிசூலா, ஈக்குவடார் ஆகிய மூன்று நாடுகளின் மலைகளில் மட்டுமே இவை இயற்கையாக வளர்கின்றன. ஒரு மலையில் உள்ள இனம் அடுத்த மலையில் இருக்காது. பள்ளத்தாக்கு குறுக்கே இருக்கிறதே! மலை உச்சிகள் எல்லாம் கடலில் தீவுகள் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன.

விதை பறந்து போகக் கூடாதா என்று கேட்கலாம். மூக்குத்திப்பூச் செடியின் விதைக்குத் தலையில் குஞ்சம் உண்டு. காற்றில் பறக்கும். பிரைலெஹோன் விதைக்கு அந்தக் குஞ்சம் கிடையாது. தாய்ச் செடியின் காலடியிலேயே விழும்.

சரி, அந்த "அங்கி" என்ன? அது செத்துப் போன இலைகள். மற்றச் செடிகளில் இலை காய்ந்தால் உதிர்ந்து விடும். இதில் உதிராது. காய்ந்த இலைகள் அடுக்கடுக்காகத் தண்டைச் சுற்றித் தொங்கும். பாராமோவில் பகலில் வெயில் சுடும். இரவில் தண்ணீர் உறையும். ஒரே நாளில் கோடையும் குளிர்காலமும்! அந்த உறைபனி தண்டுக்குள் புகாமல் தடுப்பது இந்தக் கம்பளிதான். தண்டின் நடுவே உள்ள சோற்றுப் பகுதியில் செடி தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது. அது உறைந்து போனால் காலையில் இலைக்குத் தண்ணீர் ஏறாது. வெனிசூலா மலைகளில் ஆராய்ச்சிக்காகச் சில செடிகளின் காய்ந்த இலைகளை உரித்துப் பார்த்தார்கள். உரித்த செடிகள் பட்டுப் போயின.

உயிருள்ள இலைகள் மேலே குடுமி போல் நிற்கும். அவற்றின் மேல் வெள்ளை ரோமம் அடர்த்தியாக இருக்கும். தொட்டால் முயல் காதைத் தொட்ட மாதிரி இருக்கும். மலைவாசிகள் முன்பெல்லாம் இந்த இலைகளை மெத்தைக்குள் திணித்தார்கள். வெண்ணெய் பொதிந்து சந்தைக்குக் கொண்டு போனார்கள்.

எல்லாவற்றையும்விட ஆச்சரியம் அதன் வளர்ச்சி. பல இனங்கள் ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. சில இனங்கள் இதைவிடச் சற்று வேகம். ஆனாலும், ஆள் உயரம் நிற்கும் ஒரு செடியைப் பார்த்தால், அது நம் பாட்டனார் பிறப்பதற்கு முன்பே முளைத்ததாக இருக்கலாம். அதை வெட்டிச் சாய்க்க ஒரு நிமிடம் போதும்.

தண்ணீர் தருவது செடியா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "பிரைலெஹோன் தண்ணீர் உற்பத்தி செய்கிறது" என்று கொலம்பியாவில் பலர் பேசுகிறார்கள். பசு பால் கொடுப்பது போல இந்தச் செடி தண்ணீர் கொடுக்கிறது என்ற எண்ணம். பிள்ளைகளுக்குச் சொல்ல அது நல்ல கதை. ஆனால் முழு உண்மை அல்ல.

தண்ணீர் மழையில் இருந்தும் பனிமூட்டத்தில் இருந்தும் வருகிறது. அமேசான் காடுகளின் பக்கம் இருந்து கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதுகிறது. செடியின் ரோம இலைகள் மூட்டத்தில் உள்ள துளிகளைப் பிடித்துக் கீழே வடிய விடுகின்றன. ஆனால் தண்ணீரைப் பத்திரமாக வைத்திருப்பது மண். குளிர் காரணமாக, அங்கே விழுந்த இலை தழை சீக்கிரம் மக்காது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படிச் சேர்ந்த கருப்பு மண் அது. அதன் மேல் பாசி மெத்தை. இரண்டும் சேர்ந்து பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைத்துக் கொண்டு, மழை இல்லாத மாதங்களிலும் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன.

அப்படியானால் செடிக்கு என்ன வேலை? மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. வெயில் படாமல் மூடுகிறது. செடி போனால் மண் காயும். ஒரு முறை நன்றாகக் காய்ந்து விட்ட பாராமோ மண் பிறகு பழையபடி தண்ணீரைப் பிடிப்பதில்லை. வீட்டுக்குச் செடி கூரை மாதிரி. மண்தான் தண்ணீர்ப் பானை.

கொலம்பியாவின் நிலப்பரப்பில் பாராமோ நூற்றுக்கு 3 பங்குகூட இல்லை. ஆனால் அந்த நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு 70 பேர் குடிப்பது பாராமோவில் பிறக்கும் தண்ணீர் என்று கணக்குச் சொல்கிறார்கள். உலகத்தில் உள்ள பாராமோவில் பாதி அந்த ஒரே நாட்டில் இருக்கிறது.

2024-ல் பஞ்சு ஏன் வற்றியது? "எல் நினோ" என்னும் பசிபிக் கடல் வெப்பம் காரணமாக 2023-ன் பிற்பகுதியில் இருந்தே மழை குறைந்தது. அமேசானிலும் கடும் வறட்சி. மேலே இருந்து வர வேண்டியது வரவில்லை. எவ்வளவு நல்ல பஞ்சாக இருந்தாலும், நனைந்தால்தானே பிழிய முடியும்?

2024 ஜனவரி மாதம் அந்த வறட்சியில் காட்டுத் தீயும் பிடித்தது. சாந்தாண்டேர் மாகாணத்தில் "பெர்லின்" என்ற பெயருள்ள பாராமோ எரிந்தது. (ஜெர்மனித் தலைநகருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கருகிய சாமியார்கள் வரிசையாக நிற்பது போன்ற காட்சி. குளிரைத் தடுத்த அதே காய்ந்த இலை அங்கி, தீக்குத் தீனியாகி விட்டது.

தங்கமா, தண்ணீரா?

தீயாவது ஆண்டுக்கு ஒரு முறை வருவது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நடக்கும் இன்னொரு சண்டை இருக்கிறது. அது தங்கச் சண்டை.

அதே சாந்தாண்டேர் பக்கம் "சாந்தூர்பான்" என்று ஒரு பாராமோ. அதன் அடியில் தங்கம் இருக்கிறது. அதன் தண்ணீரைக் குடிப்பது புக்காரமாங்கா என்ற நகரம். கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று அங்கே திறந்தவெளிச் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டது. புக்காரமாங்கா ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மாணவர்கள், வியாபாரிகள், குடும்பப் பெண்கள் எல்லோரும் ஊர்வலம் போனார்கள். "தண்ணீர் வேண்டும், தங்கம் வேண்டாம்" என்பது அவர்கள் கோஷம். 2011-ல் அரசாங்கம் அனுமதி மறுத்தது.

அத்துடன் முடியவில்லை. பாராமோவில் சுரங்கம் கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் முன்பே லைசென்சு வாங்கியவர்கள் தொடரலாம் என்று 2015-ல் ஒரு சட்டத்தில் சந்து வைத்தார்கள். 2016 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டு அந்தச் சந்தையும் அடைத்தது. "பாராமோவில் யாருக்கும் சுரங்கம் கிடையாது" என்று தீர்ப்புக் கூறியது.

கம்பெனி சும்மா இருக்குமா? கொலம்பியாவுக்கும் கனடாவுக்கும் உள்ள வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டி, சர்வதேச நடுவர் மன்றத்தில் நஷ்டஈடு வழக்குப் போட்டது. கேட்ட தொகை கோடிக்கணக்கான டாலர். 2021-ல் மன்றம் சொன்ன முடிவு விசித்திரமானது. கொலம்பியா தன் சுற்றுப்புறத்தைக் காப்பாற்ற நடவடிக்கை எடுத்தது சரிதான். ஆனாலும் கம்பெனியை நடத்திய விதம் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றது. நஷ்டஈடு எவ்வளவு என்பதை அப்போது சொல்லவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2024-ல், நஷ்டஈடு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது. கொலம்பியா தப்பியது. தன் நாட்டு மலையைத் தானே காப்பாற்றியதற்கு ஒரு நாடு எட்டு ஆண்டு வழக்காட வேண்டி இருந்தது என்பதை மட்டும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மலைவாசியின் கேள்வி

இதுவரை படித்தவர்களுக்குக் கதை சுலபமாகத் தோன்றும். கம்பெனி கெட்டது, ஊர்வலம் போனவர்கள் நல்லவர்கள். ஆனால் மலை மேல் போனால் வேறு குரல் கேட்கும்.

சாந்தூர்பானில் "வேட்டாஸ்" என்று ஒரு சிற்றூர். ஸ்பெயின்காரர்கள் வந்த காலத்தில் இருந்தே தங்கம் எடுத்துப் பிழைத்த ஊர். தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லோரும் சுரங்கத் தொழிலாளிகள். பக்கத்தில் உருளைக்கிழங்கு போடும் குடியானவர்கள், மாடு வளர்ப்பவர்கள். 2014-ல் அரசாங்கம் வரைபடத்தில் ஒரு கோடு போட்டது. கோட்டுக்குள் சுமார் 2½ லட்சம் ஏக்கர். "இதற்குள் இனிமேல் அது கூடாது, இது கூடாது" என்றது.

கோடு போட்டவர்கள் மலையில் வாழ்பவர்களைச் சரியாகக் கேட்கவில்லை என்று வழக்கு வந்தது. "கேட்காதது தவறுதான். எல்லோரையும் கேட்டு, ஓர் ஆண்டுக்குள் கோட்டை மறுபடியும் போடுங்கள்" என்று 2017-ல் கோர்ட்டு உத்தரவு போட்டது. கெடு தாண்டி ஆண்டுகள் பல ஓடின. கூட்டங்கள் நடந்தன. வேலை முடியவில்லை.

2018-ல் பாராமோவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. சுரங்கத்துக்கு அது தடை விதித்தது. பயிர் செய்பவர்களை உடனே விரட்டவில்லை. மலைக்குக் கெடுதல் இல்லாத விவசாயத்துக்கும், வேறு தொழிலுக்கும் அவர்கள் மாற அரசாங்கம் உதவ வேண்டும் என்றது. காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் மாற்றுத் தொழில் எங்கே, அதற்குப் பணம் எங்கே என்பதே மலைவாசியின் கேள்வி. தடை உடனே வந்து விடுகிறது. உதவி ஆடி அசைந்து வருகிறது. இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்போல இருக்கிறது.

உருளைக்கிழங்கு விஷயத்தில் ஒரு சங்கடமும் உண்டு. நம் வீட்டுச் சாம்பாரிலும் பொரியலிலும் விழும் உருளைக்கிழங்குக்குப் பூர்வீகம் இதே ஆண்டிஸ் மலைத்தொடர்தான். அந்த ஜனங்களுக்கு அது சோறு மாதிரி. ஆனால் கிழங்கு போட மண்ணைக் கொத்திக் கிளறினால் அந்தப் பஞ்சு மண் காய்கிறது. குடியானவனைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. கீழே சமவெளியில் நல்ல நிலங்கள் பெரிய பண்ணைக்காரர்கள் கையில். நிலம் இல்லாதவன் மேலே ஏறினான். கீழே நிலம் கிடைத்திருந்தால் இந்தக் குளிரில் எவன் போய்க் குடி இருப்பான்?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கோர்ட்டு சுரங்கத்தைத் தடுத்தது சரி. ஆனால் பட்டணத்து ஜனங்கள் ஊர்வலம் போனதுடன் தங்கள் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. தண்ணீர் குடிப்பது 10 லட்சம் பேர். அதற்காகத் தொழிலை விட்டது சில ஆயிரம் பேர். குடிப்பவர்கள் தங்கள் தண்ணீர் வரியில் இருந்து, விட்டவர்களுக்கு வழி செய்தால் என்ன? சாதாரணக் குடும்பக் கணக்குத்தானே இது.

பூச்சியும் ஒரு எதிரி

மனிதன் கை வைக்காத இடத்திலும் பிரைலெஹோனுக்கு நிம்மதி இல்லை. சுமார் 2010-ம் ஆண்டுவாக்கில் சிங்காசா வனத்தில் நன்றாக நின்ற செடிகள் குடுமி சாய்ந்து கருகத் தொடங்கின. அது 1977 முதல் பாதுகாக்கப்பட்ட தேசிய வனம். அங்கே யாரும் கிழங்கு போடவில்லை, தங்கமும் எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தார் போய் ஆராய்ந்தார்கள். இலையைத் தின்னும் பூச்சிப் புழுக்கள், தண்டைக் குடையும் வண்டு, பூஞ்சை நோய் எல்லாம் இருந்தன. மலை சிறிது சிறிதாகச் சூடேறுவதால் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம் வந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் சந்தேகிக்கிறார்கள்.

சூடு ஏறினால் மற்றச் செடிகள் மலையில் இன்னும் மேலே போய் வளரும். இது எங்கே போகும்? ஏற்கெனவே உச்சியில் நிற்கிறது. குஞ்சம் இல்லாத விதை வேறு!

ஆகவே மனிதன்தான் நட வேண்டும். பொகோடா எல்லைக்குள்ளேயே "சுமபாஸ்" என்று மிகப் பெரிய பாராமோ இருக்கிறது. முன்பு அங்கே கெரில்லாப் படைகள் நடமாடின. அவர்களை எதிர்க்க அரசாங்கம் மலைப் பட்டாளம் ஒன்றை அங்கே நிறுத்தியது. 2016-ல் சமாதான ஒப்பந்தம் ஆனது. அந்தப் பட்டாளத்துச் சிப்பாய்கள் இப்போது நாற்றங்காலில் பிரைலெஹோன் கன்று வளர்க்கிறார்கள். துப்பாக்கி பிடித்த கையில் பூவாளி! வேறு பாராமோக்களில் கிராமத்துப் பெண்களும் இதைச் செய்கிறார்கள்.

வேலை சுலபம் அல்ல. விதைகளில் பெரும்பாலானவை பதர். முளைத்தாலும், விரல் அளவு வளரவே ஆண்டுக் கணக்கில் ஆகும். இன்று கன்று நடும் சிப்பாய்க்குப் பேரன் பிறந்து, அந்தப் பேரனுக்குத் தாடி நரைக்கும்போதுதான் செடி ஆள் உயரம் நிற்கும்.

அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது பிரைலெஹோன் நல்ல பழக்கம். அரசாங்க டெலிவிஷனில் குழந்தைகள் நிகழ்ச்சியில் "எர்னெஸ்டோ பெரெஸ்" என்று ஒரு பிரைலெஹோன் பொம்மை வந்து பேசும், பாடும். பெரியவர்களும் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள். மலை ஏறாதவர்களுக்கும் செடி தெரியும். 2012 முதல் அடித்து வரும் 100 பெசோ நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். குடுமியும் அங்கியுமாக அதில் நிற்கிறது.